தேய்வும் தணிப்பும்: வளர்ச்சியின் எதிர்ப்பக்கச் சொற்கள் பற்றி

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

பணக்கார நாடுகள் தம் உற்பத்தியையும் நுகர்வையும் திட்டமிட்டுக் குறைக்க வேண்டும் என்கிற டிகுரோத் கருத்துக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று நம் கலைச்சொல் குழுவில் ஆரம்பித்த பேச்சு இப்போது ரிசெஷன் (பொருளாதாரம் இறங்குவது), அட்ராஃபி (உறுப்பு மெலிவது), டிகே (கெடுவது, சிதைவது) என்று நாலாபக்கமும் கிளை விட்டிருக்கிறது. நல்லதுதான். இவற்றில் ஒன்றை மட்டும் பிடுங்கித் தனியாக வைத்து முடிவு செய்தால், நாளைக்குப் பக்கத்துச் சொல்லுக்கு வேலை வரும்போது இரண்டும் இடித்துக்கொள்ளும். அதனால் எல்லாவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன். மடல் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வந்த பரிந்துரைகளில் எதிர்வளர்ச்சி, குறைவளர்ச்சி, வளர்ச்சி நீக்கம், தேய்வு ஆகியவை அதிகம் பேசப்பட்டன. குறைவளர்ச்சி என்றால், வளர்ச்சி இருக்கிறது, ஆனால் போதவில்லை என்றுதான் யாரும் புரிந்துகொள்வார்கள். எதிர்வளர்ச்சி என்றால் எதிர்த்திசையில் ஏதோ வளர்வதாகக் கேட்கிறது. வளர்ச்சி நீக்கமும் பொருந்தாது. பணிநீக்கம், பெயர் நீக்கம் என்று நாம் பழகிய நீக்கத்தில் இருந்தது முழுதாகப் போய்விடும். டிகுரோத் அப்படி எதையும் சொல்லவில்லை. தேய்வு மட்டும் தனி ரகம். அதை முன்வைத்தவரிடம் பலமான நியாயம் இருக்கிறது, அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஆங்கிலத்தில் குரோத் என்பது வீட்டுச் சொல். அதற்கு எதிரே நிற்பவை பெரும்பாலும் லத்தீனிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் வந்தவை. டிக்ளைன் என்பதன் வேரில் சாய்தல் இருக்கிறது, டிகேயின் வேரில் விழுதல், ரிசெஷனில் பின்வாங்குதல், அட்ராஃபியில் ஊட்டமின்மை. வளர்ச்சிக்கு நேர் எதிராகப் பிறந்த சொல் டிக்ரீஸ். லத்தீனில் கிரெசெரெ என்றால் வளர்தல்; அதன் முன் டி சேர்ந்து வந்தது இது. கிரெசென்ட் என்கிற பிறையும் அதே வேர்தான், வளர்கிற நிலா என்று பொருள். ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கான வேக்ஸ், வேன் என்ற இணையும் இன்றைக்கு நிலவோடுதான் அதிகம் புழங்குகிறது. நமக்கு வளர்பிறை, தேய்பிறை. டிகுரோத்துக்கு மூலமான பிரெஞ்சுச் சொல் டேக்ருவாசான்ஸ். அதுவும் கிரெசெரெ வழி வந்ததே. எனவே சொல்லுக்குச் சொல் என்று பார்த்தால் டிகுரோத் தேய்வுதான். வளர் என்பதற்குத் தமிழில் தேய் என்பதைவிட நேரான எதிர் கிடையாது.

ஆனாலும் அதை டிகுரோத்துக்குக் கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து. நிலா தேய யாரும் தீர்மானம் போடுவதில்லை. டிகுரோத் என்பதோ முழுக்க முழுக்கத் தீர்மானம். 1972இல் ஆந்த்ரே கோர்ஸ் என்ற சிந்தனையாளர் பிரெஞ்சில் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். வளர்ச்சிக்கு எல்லை உண்டு என்று ரோம் கழகம் (கிளப் ஆஃப் ரோம்) என்ற அறிஞர் அமைப்புக்காகத் தயாரான புகழ்பெற்ற அறிக்கை வெளியானதும் அதே ஆண்டுதான். பொருளாதாரமும் வெப்ப இயக்கவியலின் விதிகளுக்குக் கட்டுப்பட்டதே என்று வாதிட்ட பொருளியலாளர் ஜார்ஜெஸ்கு ரோகெனின் கட்டுரைகள் 1979இல் பிரெஞ்சில் தொகுக்கப்பட்டபோது தலைப்பிலேயே இந்தச் சொல் ஏறியது. 2008இல் பாரிசில் நடந்த மாநாட்டுக்குப் பிறகு டிகுரோத் என்ற ஆங்கில வடிவம் ஆய்வுலகில் பரவியது. இவர்கள் கேட்பது இதைத்தான்: பணக்கார நாடுகள் தாங்கள் எடுக்கும் மூலப்பொருளையும் எரிக்கும் ஆற்றலையும் திட்டமிட்டு, மக்கள் ஒப்புதலோடு, யாருடைய வயிற்றிலும் அடிக்காமல் குறைத்துக்கொள்ள வேண்டும். வேலை போய், கடை மூடி, கடனில் மூழ்கி ஒரு பொருளாதாரம் தானாகச் சுருங்குவதும் தாங்கள் சொல்வதும் வேறு வேறு என்று அவர்கள் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். தேய்வு என்று பெயர் வைத்தால் அவர்கள் பிரித்துவைத்த இரண்டையும் நாம் ஒன்றாகக் கட்டிவிடுகிறோம்.

இங்கேதான் தமிழ் நமக்கு ஒரு வசதி செய்து கொடுக்கிறது. இதுவரை யாரும் அதைத் தொடவில்லை. ஒரு குறைவு தானாக நேர்ந்ததா, ஒருவர் செய்ததா என்பதை ஆங்கிலச் சொல் பெரும்பாலும் காட்டாது. ரிடக்ஷன் என்றால் குறைந்ததும் ஆகும், குறைத்ததும் ஆகும். தமிழில் குறைவு வேறு, குறைப்பு வேறு. ஆட்குறைப்பு என்று நாளிதழில் படித்த உடனேயே ஒரு நிர்வாகம் உட்கார்ந்து முடிவெடுத்திருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது. டிஃபாரஸ்டேஷன் என்ற சொல்லில் ஆள் தெரிவதில்லை. காடழிப்பு என்றால் கோடரி யார் கையிலோ இருக்கிறது, காடழிவு என்றால் தீயாகவும் இருக்கலாம், பூச்சியாகவும் இருக்கலாம். சிதைவு, சிதைப்பு, அழிவு, அழிப்பு, தணிவு, தணிப்பு, கலைவு, கலைப்பு. இலக்கணத்தில் இதைச் செயப்படுபொருள் குன்றிய வினை, குன்றா வினை என்று படித்திருப்போம். எல்லா வினையிலும் இந்த இணை கிடைக்காது. இறப்பும் பிறப்பும் ப்பு என்று முடிந்தாலும் தானாக நேர்பவையே. ஆனால் இணை உள்ள இடங்களில் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம்: நேர்வதற்கு வு, செய்வதற்கு ப்பு. வளர்ச்சியின் எதிர்ப்பக்கச் சொற்களை ஆக்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது என்று நினைக்கிறேன். தானாக நேர்கிறதா? யாராவது செய்கிறார்களா? அடுத்ததாக, போவது எது: அளவா, வலுவா, வடிவமா, எண்ணிக்கையா, வேகமா? இந்த இரண்டு கேள்விகளையும் கேட்டுவிட்டால் பாதிச் சொற்கள் நம் வீட்டுக்குள்ளேயே கிடைக்கின்றன.

பொருளாதாரத்தை முதலில் முடித்துவிடுவோம், அங்கே குழப்பம் அதிகம். 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் இந்தியாவின் உள்நாட்டு உற்பத்தி 23.9 சதவீதம் குறைந்தது என்று முதல் மதிப்பீடு வந்தது. அப்போது மைனஸ் வளர்ச்சி, எதிர்மறை வளர்ச்சி என்றெல்லாம் எழுதப்பட்டது. ஆங்கிலத்தின் நெகடிவ் குரோத்தை அப்படியே இறக்கியதன் விளைவு. புள்ளிவிவர அட்டவணையில் ஒரு நெடுவரிசைக்கு வளர்ச்சி விகிதம் என்று தலைப்பு இருந்து, அதற்குக் கீழே கழித்தல் குறியோடு ஓர் எண் வந்தால் சரி. செய்தி வாக்கியத்தில் எதற்கு? ஊரே கதவடைத்துக் கிடந்த மூன்று மாதத்தைப் பற்றிய வாக்கியத்தில் வளர்ச்சி என்ற சொல்லுக்கு இடமே இல்லை. சுருங்கியது என்று எழுதினால் போதும், பெயர்ச்சொல் வேண்டுமென்றால் சுருக்கம். இது புதிதும் அல்ல. "பெருக்கத்து வேண்டும் பணிதல் சிறிய சுருக்கத்து வேண்டும் உயர்வு" என்று செல்வம் பெருகுவதையும் சுருங்குவதையும் எதிரெதிரே நிறுத்திய குறள் இருக்கிறது. கன்ட்ராக்ஷன் என்ற பொருளியல் சொல்லுக்கு இதைவிட நல்ல தமிழ் தேட வேண்டியதில்லை. சுருக்கம் என்றால் கட்டுரைச் சுருக்கம் நினைவுக்கு வருமே என்றார் ஒருவர். பொருளாதாரச் சுருக்கம், உற்பத்திச் சுருக்கம் என்று முன்னொட்டு வந்தபின் யாருக்கும் சந்தேகம் வராது.

அப்புறம் மந்தநிலை. ஸ்லோடவுன் என்றாலும் மந்தநிலை என்கிறோம், ரிசெஷன் என்றாலும் மந்தநிலை என்கிறோம். 8 சதவீதம் வளர்ந்துகொண்டிருந்த பொருளாதாரம் 5 சதவீதத்துக்கு வந்தால் அது மந்தம். இன்னும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. ரிசெஷனில் வளர்ச்சியே இல்லை, இறங்குகிறது. தொடர்ந்து இரண்டு காலாண்டு சுருங்கினால் ரிசெஷன் என்பது கைக்கணக்கு மட்டுமே. அமெரிக்காவில் அதை அறிவிக்கும் பொருளியல் குழு, உச்சத்திலிருந்து அடி வரையிலான காலம் என்று அதை வரையறுக்கிறது. 2020 பிப்ரவரி உச்சம், ஏப்ரல் அடி என்று இரண்டே மாதத்தை ரிசெஷனாக அறிவித்தார்கள். இதற்கு இறங்குமுகம் என்று சொல்லலாம் என்பது என் முன்மொழிவு. சந்தையில் இருப்பவர்கள் நாள்தோறும் சொல்கிற சொல். எக்ஸ்பான்ஷன் என்ற மறுபாதிக்கு ஏறுமுகம் தயாராக இருக்கிறது. முகம் என்பதில் திசை இருக்கிறது. உச்சத்துக்கும் அடிக்கும் இடைப்பட்ட பயணம் என்ற வரையறையோடு அது சரியாக உட்காருகிறது. பங்கு விலைக்கும் இதையே சொல்கிறார்களே என்ற ஆட்சேபம் வரும். பொருளாதார இறங்குமுகம் என்று முழுதாக எழுதிவிடலாம். மந்தம் என்பதை ஸ்லோடவுனுக்கு மட்டும் ஒதுக்குவோம். 1929இல் தொடங்கிய உலகளாவிய வீழ்ச்சிக்குப் பெருமந்தம் என்ற பெயர் பாடநூல்களில் நிலைத்துவிட்டது. அது இடுபெயர் ஆகிவிட்டதால் அதில் கை வைக்க வேண்டாம்.

இனி மருத்துவம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, இங்கே தமிழ் வெகு நுட்பமாக இருக்கிறது.

அட்ராஃபிக்கு நலிவு, மெலிவு, சிதைவு என்று மூன்றும் புழங்குகின்றன. சிதைவு கண்டிப்பாகக் கூடாது. அது டிஸ்ட்ரோஃபிக்கும் டிஜெனரேஷனுக்கும் உரியது. அங்கே திசு தன் அமைப்பையே இழக்கிறது. அட்ராஃபியில் அமைப்பு இருக்கும், கனம் போயிருக்கும். எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருந்தவருக்கு ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரிக்கும்போது பாருங்கள். தோல் வெளிறி, செதில் செதிலாக உரிந்து, கெண்டைக்கால் ஒட்டிப்போயிருக்கும். இயன்முறை மருத்துவர் முழங்கால் சில்லுக்குக் கீழே ஒரு குறிப்பிட்ட தூரத்தில் மையால் கோடு போட்டு, அதே இடத்தில் இரண்டு கால்களிலும் நாடாவைச் சுற்றி அளப்பார். வித்தியாசம் சென்டிமீட்டர் கணக்கில் தெரியும். தசைநார்கள் அங்கேயேதான் இருக்கின்றன, வேலை இல்லாததால் ஒவ்வொன்றும் மெலிந்திருக்கிறது. நடக்க ஆரம்பித்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரும். எடையின்மையில் மாதக்கணக்கில் இருக்கும் விண்வெளி வீரர்களுக்கும் தசையில் இதே கதைதான். உடல் எடையைத் தாங்கும் எலும்புகளில் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை அடர்த்தி குறைகிறது.

இதற்கு நம் மக்கள் வைத்திருக்கும் சொல் சூம்புதல். கால் சூம்பிவிட்டது என்றால் முன்பு திரட்சியாக இருந்தது, இப்போது வற்றிவிட்டது என்று பொருள். பிறக்கும்போதே சிறிதாக இருந்த உறுப்பைச் சூம்பியது என்று சொல்வதில்லை. ஹைப்போபிளேசியாவுக்கும் அட்ராஃபிக்கும் மருத்துவக் கல்லூரியில் சொல்லிக்கொடுக்கிற வேறுபாடு இதுவே! ஆனால் குழுவில் இருக்கும் இயன்முறை மருத்துவர் ஒருவர் எழுப்பிய தடையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இளம்பிள்ளை வாதத்தால் பாதிக்கப்பட்டவர்கள் இந்தச் சொல்லைக் கேலியாகக் கேட்டு வளர்ந்தவர்கள், ஒரு நோயாளியின் முகத்துக்கு நேரே இதைச் சொல்ல முடியாது என்றார். அவர் சொல்வது சரி. என் யோசனை இப்படி: திசுவியல் பாடத்திலும் ஆய்வறிக்கையிலும் தசைச் சூம்பல், நரம்புச் சூம்பல் என்று திசுவோடு மட்டும் சேர்த்து எழுதலாம். நோயாளியிடம் பேசும்போதும் மருத்துவச் சான்றிதழிலும் தசை மெலிவு போதும். ஒரு மனிதரையோ ஒரு காலையோ அந்தச் சொல்லால் குறிக்க வேண்டாம்.

பெரிதாகியிருந்த உறுப்பு வேலை முடிந்ததும் சிறுத்துத் திரும்பும் இன்வல்யூஷனுக்கு வருவோம். இதையும் நலிவு என்று எழுதிய பட்டியல் ஒன்றைப் பார்த்துத்தான் நான் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன். பிரசவம் ஆன உடனே கருப்பை ஏறத்தாழ ஒரு கிலோ எடை இருக்கும், மேல்விளிம்பு தொப்புள் பக்கத்தில் கைக்குத் தட்டுப்படும். ஆறு வாரத்தில் அது 60 கிராம் அளவுக்கு வந்துவிடுகிறது. செல்கள் பெரும்பாலும் சாவதில்லை. கர்ப்பத்தில் பருத்தவை தம் உட்பொருளைத் தாமே கரைத்துப் பழைய அளவுக்குத் திரும்புகின்றன. இது நோயல்ல. இது நடக்காவிட்டால்தான் நோய். பிள்ளை பெற்ற பெண்ணிடம் உங்கள் கருப்பை நலிந்துகொண்டிருக்கிறது என்று ஒரு கையேடு சொன்னால் அவர் பயந்துவிட மாட்டாரா? இதற்கு ஒடுக்கம் என்பது மிகப் பொருத்தம். சைவ சித்தாந்தம் படித்தவர்களுக்குத் தோற்றம், நிலை, ஒடுக்கம் என்ற வரிசை தெரியும். சிவஞானபோதத்தின் முதல் சூத்திரத்திலேயே ஒடுங்கி என்று வருகிறது. அழிந்துபோகாமல், வந்த இடத்துக்கே உள்ளடங்கித் திரும்புதல். கருப்பை ஒடுக்கம், பருவ வயதுக்குப் பிறகு தைமஸ் சுரப்பி கொழுப்பாக மாறிச் சிறுக்கும்போது தைமஸ் ஒடுக்கம். அரசியலில் ஒடுக்குமுறை என்று இருக்கிறதே என்பவர்களுக்கு: அது ஒடுக்கு என்ற செய்வினையிலிருந்து வந்தது, இது ஒடுங்கு. மேலே சொன்ன அதே வேறுபாடு இங்கேயும் காப்பாற்றுகிறது.

குழந்தை ஊட்டத்தில் ஸ்டன்டிங், வேஸ்டிங் இரண்டும் எப்போதும் ஜோடியாக வரும். வயதுக்கேற்ற உயரம் இல்லாதது முதலாவது, உயரத்துக்கேற்ற எடை இல்லாதது இரண்டாவது. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதம் பேர் முதல் வகை, 19.3 சதவீதம் பேர் இரண்டாம் வகை. நீண்ட காலப் பற்றாக்குறை உயரத்தைத் தின்னும், அண்மைக்காலப் பட்டினி எடையைத் தின்னும். வளர்ச்சி குன்றல், மெலிவு என்று ஏற்கெனவே புழங்குபவை போதும், மாற்ற வேண்டாம். குன்றல் வளர்ச்சியின் எதிர் அல்ல, தடைபட்ட வளர்ச்சி என்பதை மட்டும் நினைவில் வைப்போம்.

இந்த இடத்தில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லாமல் போக முடியவில்லை. சவலை. மடியில் இன்னொரு பிள்ளை வந்ததால் தாய்ப்பால் கிடைக்காமல் மெலிந்து ஏங்கும் மூத்த குழந்தையைச் சவலைப் பிள்ளை என்போம். 1930களில் இன்றைய கானாவில் பணியாற்றிய சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர், கால் வீங்கி, தோல் உரிந்து, முடி நிறம் மாறி இறந்துகொண்டிருந்த குழந்தைகளைப் பார்த்தார். அந்த ஊர்த் தாய்மார்கள் கா மொழியில் அதற்கு வைத்திருந்த பெயரையே 1935இல் மருத்துவ இதழில் எழுதினார்: குவாஷியார்கர். அடுத்த பிள்ளை வந்ததும் முந்தைய பிள்ளைக்கு வரும் நோய் என்று அதற்குப் பொருள். தாய்மார்கள் காரணத்தைக் கண்டுபிடித்துப் பெயரிலேயே வைத்திருந்தார்கள். நம் தாய்மார்களும் அதே காரணத்தைக் கண்டு அதே இடத்தில் பெயர் வைத்திருக்கிறார்கள். நம் பாடநூலிலோ குவாஷியார்கர் என்று மட்டும் இருக்கிறது. மருத்துவப் பெயராகக் குவாஷியார்கர் இருக்கட்டும். விளக்கத்தில் சவலை நோய் என்று சேர்த்தால் கிராமத்துச் செவிலியருக்கு ஒரு வரியில் புரிந்துவிடும். யாப்பில்கூட நடுவே தனிச்சொல் கிடைக்காத வெண்பாவுக்குச் சவலை வெண்பா என்று பெயர். கிடைக்க வேண்டியது கிடைக்காததால் வந்த குறை என்ற பொருளை அந்தச் சொல் எவ்வளவு கெட்டியாகப் பிடித்திருக்கிறது பாருங்கள்.

டிகே பற்றி இரண்டு பேர் மாறி மாறி எழுதினீர்கள், ஒருவர் சிதைவு என்றும் மற்றவர் தேய்வு என்றும். இரண்டும் வேண்டும். தைராய்டு சிகிச்சையில் பயன்படும் கதிரியக்கப் பொருளான அயோடின் 131ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு நாளில் பாதி அணுக்கள் செனான் ஆகிவிடுகின்றன. அணு தேயவில்லை, ஓர் அணுவில் பாதி போய்ப் பாதி நிற்பதில்லை, ஒவ்வொன்றும் கதிரை உமிழ்ந்து முழுதாக வேறொன்றாகிறது. அது சிதைவு. ஆனால் கருவியில் பதிவாகும் கதிர்வீச்சின் அளவு நாளுக்கு நாள் படிப்படியாக இறங்குகிறது, அது தேய்வு. அணு சிதைகிறது, கதிரியக்கம் தேய்கிறது. கணிதத்தில் அடுக்குக்குறி வளர்ச்சிக்கு எதிராக வருவதும் அடுக்குக்குறித் தேய்வு என்றே இருக்கட்டும். மணி அடித்து ஓசை அடங்குவதையும் மின்தேக்கியின் மின்னழுத்தம் இறங்குவதையும் சிதைவு என்று சொன்னால் மாணவர் எதையோ உடைந்ததாகக் கற்பனை செய்துகொள்வார். வளர்சிதை மாற்றம் என்ற அருமையான சொல்லை ஆக்கியவர்கள் உயிர்வேதியியலுக்குச் சிதை என்பதைத் தேர்ந்தெடுத்தது சரிதான், அங்கே பெரிய மூலக்கூறு உண்மையிலேயே சிறு சிறு துண்டாகிறது.

அன்றாடத்தில் டிகே என்ற ஒற்றைச் சொல்லுக்கு நம்மிடம் எத்தனை இருக்கின்றன! பல் சொத்தை, மரம் உளுத்துப்போகிறது, கயிறு இற்றுப்போகிறது, சாம்பார் ஊசிப்போகிறது, இலை மட்குகிறது, எண்ணெயில் சிக்கு வாடை வருகிறது, ரொட்டியில் பூஞ்சை பூக்கிறது. தேவநேயப் பாவாணர் தமிழ்ச்சொல் வளம் என்ற கட்டுரையில், இன்று பத்தாம் வகுப்புப் பாடமாகவும் இருக்கிறது, கெட்டுப்போன காய்கனிக்கு மட்டும் ஒரு வரிசையே தருகிறார். நுனி சுருங்கிய காய் சூம்பல், சுருங்கிய பழம் சிவியல், புழு அரித்தது சொத்தை, சூட்டில் பழுத்த பிஞ்சு வெம்பல், குளுகுளுத்தது அளியல், அதுவும் தாண்டி நாறினால் அழுகல், பதராய்ப்போன மிளகாய் சொண்டு. காரணம், நிலை, பொருள் என்று மூன்றையும் வைத்துப் பிரித்திருக்கிறார்கள். தோட்டக்கலைத் துறையினர் அறுவடைக்குப் பிந்தைய இழப்பைப் பற்றித் தமிழில் எழுதும்போது எல்லாவற்றையும் சேதம் என்று எழுதிவிடுகிறார்கள். இந்த வரிசையை அப்படியே எடுத்து வரையறை கொடுத்தால் ஆயத்தமான கலைச்சொல் தொகுதி. உயிர்கள் மூப்படைவதைக் குறிக்கும் செனசென்சுக்கும் அதே இடத்தில் தேடலாம். கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என்று போகும் வரிசையில் பழுப்பு என்ற கட்டத்தைத்தான் தாவரவியல் இலை செனசென்ஸ் என்கிறது. இலைக்கு மட்டும் பழுப்படைதல், பொதுவாக மூப்படைதல். ஊழியர்கள் வேலையை விட்டுப் போவதை அட்ரிஷன் என்று மனிதவளத் துறையில் சொல்வதற்கு ஆள் கழிவு என்று வந்த பரிந்துரை மனிதரைக் குப்பையாக்குகிறது, வேண்டவே வேண்டாம். பணி விலகல் விகிதம் என்று நேராகச் சொல்லலாம்.

சரி, டிகுரோத். குறைப்பா, தணிப்பா, அடக்கமா?

நான் தணிப்பு என்கிறேன். தணிவது எது என்று யோசித்துப் பாருங்கள்: வெப்பம், சினம், தாகம், காய்ச்சல். எல்லாமே அளவு மீறிப் போனவை. இருக்க வேண்டிய அளவுக்கு மேல் போனதை இதமான நிலைக்குக் கொண்டுவருவதைத்தான் தணித்தல் என்கிறோம். ஊட்டத்தையோ கூலியையோ தணிப்பது என்று யாரும் சொல்வதில்லை. குறைப்பு என்பதில் இந்த வேறுபாடு கிடையாது. சம்பளக் குறைப்பும் குறைப்புதான், கொழுப்புக் குறைப்பும் குறைப்புதான். டிகுரோத் பேசுகிறவர்கள் ஏழை நாட்டுக் குழந்தையின் தட்டிலிருந்து எடுக்கச் சொல்லவில்லை, மிகையை மட்டுப்படுத்தச் சொல்கிறார்கள். வளர்ச்சித் தணிப்பு என்றால் மிகை என்ற கருத்தும் உள்ளே வந்துவிடுகிறது, செய்கிற ஆளும் உள்ளே இருக்கிறார். காலநிலை மாற்றத்தில் மிட்டிகேஷனுக்குத் தணிப்பு என்று எழுதுகிறோமே, இடிக்காதா என்று கேட்டால், இரண்டும் ஒரே உரையாடலின் உறுப்புகள், பக்கத்தில் பக்கத்தில் வந்தாலும் கெடுதல் இல்லை.

ஒரே ஒரு முள் இருக்கிறது. தமிழ்நாட்டில் குரோத், டெவலப்மென்ட் இரண்டையும் வளர்ச்சி என்றே எழுதிப் பழகிவிட்டோம். வளரும் நாடுகள் என்கிறோம், ஊரக வளர்ச்சித் துறை என்கிறோம். அந்தப் பழக்கத்தில் வளர்ச்சித் தணிப்பு என்று படிக்கிறவர், பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் கட்டுவதை நிறுத்தச் சொல்வதாக எடுத்துக்கொள்ளலாம். இலங்கையில் இந்தச் சிக்கல் குறைவு. அங்கே டெவலப்மென்ட் அபிவிருத்தி, குரோத் வளர்ச்சி என்று பெரும்பாலும் பிரித்தே எழுதுகிறார்கள். நாமும் டெவலப்மென்டுக்கு மேம்பாடு என்பதை உறுதியாகப் பிடித்துக்கொண்டால் முள் போய்விடும். வளர்ச்சியைத் தணித்தும் மேம்பாடு காணலாம் என்ற வாக்கியத்தை எழுதிப் பாருங்கள், டிகுரோத்காரர்களின் முழு வாதமும் அதில் இருக்கிறது. அந்த வாக்கியம் இப்போதைய வழக்கில் எழுதவே முடியாதது.

இந்தக் கருத்துக்குத் தமிழில் வேர் இல்லை, மேலைநாட்டு இறக்குமதி என்று ஒருவர் சொன்னதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூரில் 1892இல் பிறந்த ஜே.சி. குமரப்பா, நிலைத்த பொருளாதாரம் பற்றிய தன் நூலை 1945இல் வெளியிட்டார். நிலக்கரி, பெட்ரோலியம் போல இருப்பில் உள்ளதை எடுத்துத் தீர்க்கும் பொருளாதாரத்தையும், ஆண்டுதோறும் விளைவதிலிருந்து எடுத்துக்கொள்ளும் பொருளாதாரத்தையும் பிரித்து, முதலாவது சண்டையில் கொண்டுபோய் விடும் என்று எச்சரித்தவர். கடைசிக் காலத்தில் மதுரைப் பக்கம் கல்லுப்பட்டியில் வாழ்ந்தார். அவரை டிகுரோத் இயக்கத்தவர் என்று முத்திரை குத்த வேண்டியதில்லை. ஆனால் இன்று வளர்ச்சித் தணிப்பு பற்றித் தமிழில் எழுதுகிறவர் அவரைக் கடந்து பாரிசிலிருந்து தொடங்குவது நியாயமில்லை.

கடைசியாக ஒன்று பாக்கி, அதற்கு உங்கள் உதவி வேண்டும். புற்றுநோயிலும் முற்றிய இதய நோயிலும் வரும் கேகெக்சியா. மெலிவு என்று எழுதினால் போதாது. பட்டினியால் மெலிந்தவருக்குச் சோறு போட்டால் தேறிவிடுவார். கேகெக்சியாவில் எவ்வளவு ஊட்டினாலும் முழுதாகத் தேறுவதில்லை, நோயே தசையைக் கரைத்துக்கொண்டிருக்கிறது. இங்கே செய்கிற ஆள் நோய். காசத்துக்கு நம் முன்னோர் வைத்த என்புருக்கி என்ற பெயரில் இந்த நுட்பம் அப்படியே இருக்கிறது, உருகுவதைச் சொல்லாமல் உருக்குவதைச் சொன்னார்கள். வடமொழி வழி வந்த க்ஷயம் தேய்வை மட்டும் சொல்கிறது. என்புருக்கியைப் பின்பற்றித் தசையுருக்கி, உடலுருக்கி என்று இரண்டு தோன்றுகின்றன. உடலுருக்கி என்றால் எடை குறைப்பு மாத்திரையின் விளம்பரம் போலக் கேட்குமோ என்று ஒரு தயக்கம். தசையுருக்கி என்றால் கொழுப்பும் கரைவது விடுபடுகிறது, ஆனால் மருத்துவர்கள் வரையறையில் முதன்மையாகச் சொல்வது தசை இழப்பைத்தான் என்பதால் என் சாய்வு அந்தப் பக்கம். புற்றுநோய்ப் பிரிவில் வேலை செய்கிறவர்கள் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள். நோயாளியின் வீட்டாரிடம் இதை இப்போது எந்தச் சொல்லில் விளக்குகிறீர்கள் என்று எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம்.

அன்புடன்